குழந்தைகளோடு செஞ்சிக் கோட்டை ஏறுவது எப்படி

செஞ்சிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்றுதான், போனதும் நேராக ராஜகிரி மலையில் ஏறுவது. பஸ்ஸில் வந்தாலும் காரில் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பாறை உச்சியும் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மண்டபங்களும்தான். பிள்ளைகள் உடனே "அங்கதான் போகணும்" என்று குதிப்பார்கள், நாமும் பதினோரு மணி வெயிலில் ஏறத் தொடங்குவோம், பாதி மலையில் தண்ணீர் தீர்ந்துவிடும், சின்னது அழும், பெரியது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், பாட்டி எங்கோ ஒரு படியில் "நீங்க போய்ட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிடுவார். எங்கள் முதல் பயணம் இப்படித்தான் போனது. அதற்கப்புறம் நான்கு தடவை போய்விட்டோம், நான்கு தடவையும் நன்றாக இருந்தது, காரணம் மலையை மாற்றியதும் நேரத்தை மாற்றியதும்தான்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். செஞ்சிக் கோட்டை ஒரு மலை கிடையாது, மூன்று மலைகள். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் வளைத்துப் பிடித்தபடி ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது. ஊர்க்காரர்கள் ராஜகிரியை ராஜா கோட்டை என்றும் கிருஷ்ணகிரியை ராணிக் கோட்டை என்றும் சொல்வார்கள், ஆட்டோவில் ஏறும்போது இந்தப் பெயர்களைச் சொன்னால் போதும். திண்டிவனம்–திருவண்ணாமலை சாலை இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவிலேயே போகிறது, திருவண்ணாமலைப் பக்கம் முகம் வைத்து நின்றால் இடது கைப் பக்கம் ராஜகிரி, வலது கைப் பக்கம் கிருஷ்ணகிரி. சந்திரகிரியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், அங்கே முறையான பாதை இல்லை, முள்ளும் புதரும்தான்.

யார் எதில் ஏறுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். என் கணக்கு இது. கூட்டத்தில் எட்டு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தால் அன்றைக்குக் கிருஷ்ணகிரிதான். பத்து வயதைத் தாண்டிய, வழக்கமாக ஓடியாடுகிற பிள்ளைகள் மட்டும் என்றால் ராஜகிரிக்குத் துணியலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், ராஜகிரியின் அடிவாரத்தில் சமதரையில் இருக்கும் கீழ்க்கோட்டையே அரை நாளுக்குக் காணும். ஒரே நாளில் இரண்டு மலையும் ஏறலாம் என்று இளவட்டங்கள் சொல்வார்கள், அவர்களால் முடியும். ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அதை முயற்சி செய்யாதீர்கள்.

நாள் பார்ப்பதுதான் அடுத்த வேலை. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை அருமையான காலம். மார்ச்சிலேயே பாறை சுட ஆரம்பித்துவிடும், ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் தயவுசெய்து போகாதீர்கள். கோடை விடுமுறை அப்போதுதான் வருகிறது என்பது தெரியும், ஆனாலும் அங்கே மரநிழல் குறைவு, கருங்கல் படி வாங்கிய வெயிலைத் திருப்பி நம் முகத்திலேயே அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படிகளில் பாசி பிடித்து வழுக்கும், மழை நின்று இரண்டு நாள் காய்ந்த பிறகு போனால் குளங்களில் தண்ணீரோடு மலையும் பச்சையாக இருக்கும், அது ஒரு தனி அழகு.

வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று தெரியாத ஒரு விஷயம், காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்துக்கொள்வது. பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் முழுக்க இந்த வழியாகத்தான் போகும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போகிறவர்களால் செஞ்சியே நிரம்பிவிடும். இந்த இரண்டு நாட்களையும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாளையும் தவிர்த்துவிட்டால் போதும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ் செஞ்சியில் நிற்கும். ரயிலில் வருவதானால் திண்டிவனத்தில் இறங்கி அங்கிருந்து பஸ், முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து கோட்டை இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மேற்கே, ஆட்டோ பிடித்துவிடுங்கள், மலை ஏற வேண்டிய கால்களை ரோட்டில் வீணாக்க வேண்டாம். டிபனை ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் சென்னையிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்புவோம், பிள்ளைகள் வண்டியில் தூங்கிக்கொண்டே வருவார்கள், செஞ்சியில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கேட் திறக்கும்போது போய் நிற்போம். இந்த ஒரு ஏற்பாட்டில்தான் மொத்த நாளும் நிற்கிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் ராஜகிரி உச்சிக்கு ஏற விடமாட்டார்கள், அதனால் "மெதுவா சாப்பிட்டுட்டு சாயங்காலம் ஏறலாம்" என்கிற யோசனையும் நடக்காது.

கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. பெரியவர்களுக்கு டிக்கெட் உண்டு, 15 வயதுக்குக் கீழ் இலவசம். ஒரே டிக்கெட் இரண்டு மலைக்கும் செல்லும், கிழித்துப் போட்டுவிடாமல் பர்ஸில் வையுங்கள். கழிப்பறை வேலையைக் கீழேயே முடித்துவிட வேண்டும், மேலே எந்த வசதியும் கிடையாது. கடையும் கிடையாது.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். குறைத்தால் நடுமலையில் ரொம்பக் கஷ்டப்படுவீர்கள். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில், கடலை மிட்டாய், வாயில் போட்டுக்கொள்ள உலர்ந்த திராட்சை, இவ்வளவு போதும். சோற்று மூட்டையை மேலே தூக்காதீர்கள், வண்டியிலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பின்பட்டை உள்ள செருப்பாவது வேண்டும், ஷூ என்றால் ரொம்ப நல்லது. ரப்பர் செருப்போடு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இறங்கும்போது கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு துள்ளித் துள்ளி வருவார்கள். தொப்பி, ஒரு பருத்தித் துண்டு. துண்டை நனைத்துப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிட்டால் அரை மணி நேரத்துக்குச் சிணுங்கல் இருக்காது.

எல்லாவற்றையும் முதுகுப் பையில், ஜிப் போட்டு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ராஜகிரிப் பக்கத்துக் குரங்குகள். இரண்டாம் தடவை போனபோது என் மாமியார் கையில் ஒரு மஞ்சப்பை, அதில் புளிச்சோறு, கூடவே அவசரத்தில் நான் போட்டுவைத்த கார் சாவி. களஞ்சியத்துக்குப் பக்கத்தில் அத்தை ஒரு நிமிஷம் பையைத் தரையில் வைத்தார்கள், அவ்வளவுதான். சத்தம் இல்லை, சண்டை இல்லை, ஒரு தாட்டிக் குரங்கு நிதானமாக வந்து கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு மதில் மேல் போய் உட்கார்ந்தது. புளிச்சோறு தீர்ந்த பிறகு பை கீழே விழுந்தது, சாவி அதற்குள்ளேயே இருந்தது, எங்கள் புண்ணியம். சாவி, போன், மாத்திரை மூன்றும் சட்டை அல்லது பேன்ட் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டாலே குரங்குகள் வந்துவிடும், கலர் பானம் தெரியும் பாட்டிலையும் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். எதையாவது பிடித்துவிட்டால் இழுக்காமல் விட்டுவிடுங்கள். பிஸ்கட் போடுவது வேடிக்கையாக இருக்கும், ஆனால் அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து அது பிடுங்கித் தின்னக் கற்றுக்கொள்வது அதனால்தான்.

சரி, கிருஷ்ணகிரி. சின்னப் பிள்ளைகளோடு ஏறினால் முக்கால் மணி நேரம், நிறுத்தி நிறுத்திப் போனால் ஒரு மணி நேரம். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று சாண் உயரம், அடுத்தது ஐந்து வயதுப் பிள்ளையின் முழங்காலுக்கு மேல். சமமாகச் செதுக்கிய படி என்று நினைத்து வேகமாகப் போனால்தான் தடுக்கும். எங்கள் சின்னவளுக்கு நாங்கள் வைத்த விளையாட்டு படி எண்ணுவது, ஐம்பது எண்ணினால் ஒரு திராட்சை, நூறு எண்ணினால் இரண்டு நிமிஷம் உட்காரலாம். பெரியவர்களில் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில், ஏறும்போதும் இறங்கும்போதும் இது மாறக்கூடாது. குழந்தையின் கை எப்போதும் மலைப் பக்கம், உங்கள் உடம்பு பள்ளத்துப் பக்கம். பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது.

மேலே போய்ச் சேர்ந்ததும் காற்று வரும், அந்தக் காற்றுக்காகவே இன்னொரு தடவை ஏறலாம். தானியக் களஞ்சியங்கள், கோவில்கள், எண்ணெய்க்கும் நெய்க்கும் என்று கட்டிய தொட்டிக் கிணறுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. எண்ணெய்க் கிணறு என்றதும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். முற்றுகை என்றால் என்ன, கீழே எதிரி படை வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் மேலே இருப்பவர்கள் எதைத் தின்று, எதை எரித்து விளக்கேற்றுவார்கள் என்று அங்கே நின்று சொன்னால் சட்டென்று பிடிபடும். அப்புறம் அந்தக் குவிமாட மண்டபம். வளைவு வளைவாகத் தூண்கள், நான்கு பக்கமும் திறப்பு, எந்நேரமும் நிழல். இங்கே குறைந்தது அரை மணி நேரம் உட்காருங்கள். நேர் எதிரே ராஜகிரி முழுசாகத் தெரியும், மதில் எப்படி ஒவ்வொரு பாறையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறுகிறது என்பதை ராஜகிரியில் நின்றால் பார்க்க முடியாது, இங்கிருந்துதான் பார்க்க முடியும். புகைப்படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கும் இதுதான் இடம், ஆனால் பின்னால் நகர்ந்து நகர்ந்து எடுக்காதீர்கள்.

பத்து, பத்தரைக்கு இறங்கிவிட்டால் நேரே கீழ்க்கோட்டை. பெரியவர்கள் அதற்குள் ஆட்டோவில் அங்கே போய் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். இங்கே கல்யாண மகாலை அவசரமாகப் பார்க்காதீர்கள். நாயக்கர் காலத்துக் கட்டடம், நடுவில் எட்டு அடுக்குக் கோபுரம், சுற்றிலும் அறைகள், ஒரு குளம். கோபுரத்தின் மாடிகளில் ஒரே மாதிரி ஒரு சின்ன அறை, சுற்றி வளைவுகள் வைத்த தாழ்வாரம். வெளியே சக்கரக்குளத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஆறாவது மாடி வரைக்கும் ஏற்றியிருக்கிறார்கள். குளம் உயரத்தில் இருந்தால் குழாயின் இந்த முனையில் தண்ணீர் தானாக எவ்வளவு மேலே ஏறும் என்பதை எங்கள் பெரியவன் தன் பாட்டில், ஒரு உறிஞ்சுகுழல் வைத்துச் சின்னவளுக்குச் செய்து காட்டினான், பள்ளிக்கூடத்தில் படித்ததை அவன் ஆசையோடு சொன்னதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

களஞ்சியத்துக்குள் நுழையும்போது எவ்வளவு குளிர்ச்சி என்பதைக் கவனியுங்கள், சுவரின் கனம் அப்படி. உள்ளே கை தட்டினால் எதிரொலிக்கும், பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம், தட்டிக்கொண்டே இருப்பார்கள். குதிரை லாயம், யானைக்குளம் எல்லாம் நடக்கும் தூரத்தில். சக்கரக்குளத்துக்குப் பக்கத்தில் கைதிகள் கிணறு என்று ஒரு பெரிய பாறை இருக்கிறது, நடுவில் குடைந்தாற்போல் ஓட்டை, மரண தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளிப் பட்டினி போட்டார்கள் என்று சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தேவையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், நான் எங்கள் சின்னவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்போது ராஜகிரி. உயரம் 800 அடி, படிகள் ஆயிரத்துக்கும் மேல், பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோவில் வரும், முதல் நீண்ட ஓய்வு அங்கே. எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. அந்தக் கோவில் வரும்போது ஆளுக்கு அரை பாட்டிலுக்குக் குறைவாகத் தண்ணீர் இருந்தால் திரும்பிவிடுவோம், யாரும் முணுமுணுக்கக் கூடாது. ஒரு தடவை அப்படித் திரும்பியும் இருக்கிறோம். அன்றைக்கு மேலே போவதா வேண்டாமா என்று நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "கொழந்தைய இட்டுகினு இந்த வெயில்ல எங்கம்மா போற, மலை இங்கதான இருக்கப் போவுது" என்றார். அந்தப் பேச்சுக்கு மேல் நாங்கள் எதுவும் பேசவில்லை, இறங்கிவிட்டோம்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்தான் ராஜகிரியின் உயிர் இருக்கிறது. மலை அங்கே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, ஏறத்தாழ 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் இதன் மேல் மரப்பாலம் போட்டிருந்தார்கள், எதிரி வந்தால் எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான், பத்துப் பேர் நின்றால் ஒரு படையையே தடுக்கலாம். இப்போது நடந்து போகப் பாலம் இருக்கிறது. பிள்ளைகளை நிறுத்திக் கீழே பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் தோளை நீங்கள் பிடித்துக்கொண்டு. பாலத்தைத் தாண்டினால் ரங்கநாதர் கோவில், களஞ்சியம், மணிக்கூண்டு, அப்புறம் 7560 என்ற எண் பொறித்த பீரங்கி. இதை எப்படி இவ்வளவு மேலே தூக்கிவந்தார்கள் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். நீங்கள் சொல்லிவிடாமல் அவர்களையே யோசிக்க விடுங்கள், எங்களுக்கு அந்தப் பேச்சு அடிவாரம் வரைக்கும் வந்தது.

கதை தெரிந்துகொண்டு போனால்தான் இந்த இடம் பேசும், இல்லையென்றால் வெறும் கல். சுமார் 800 வருஷத்துக்கு முன்னால் ஆனந்தக் கோன் என்கிற கோனார் தலைவர் இங்கே தொடங்கினார் என்பது மரபு, அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் பெயரில்தான் கிருஷ்ணகிரி. அதை இவ்வளவு பெரிதாக ஆக்கியவர்கள் விஜயநகரத்துக்குக் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தான் படை கோட்டையைப் பிடித்தது, 1677இல் சிவாஜி. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து அடைக்கலம் புக, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690இல் முற்றுகை போட்டு 1698இல்தான் பிடிக்க முடிந்தது. பிடித்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, தப்பிவிட்டார். அப்புறம் 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துக் கொஞ்சம் பேரோடு போய் இறந்த தேசிங்கு ராஜா, 22 வயது என்பார்கள். அவருடைய குதிரை பாராசாரியையும் தோழன் மகமத்கானையும் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்றைக்கும் இந்தப் பக்கம் பாடுகிறார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளை ஒன்றாகச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது, அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். மராட்டியர் பெயரில் பட்டம் வந்தாலும் கோனாரையும் நாயக்கரையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.

இறங்கும்போதுதான் அதிகம் பேர் விழுகிறார்கள், ஏறும்போது அல்ல. தொடை நடுங்கும், கவனம் போய்விடும். பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கச் சொல்லுங்கள், போட்டி போட்டு ஓட விடாதீர்கள். கீழே வந்ததும் உடனே வண்டியில் ஏறாமல் பத்து நிமிஷம் நடந்தால் மறுநாள் கெண்டைக்கால் பிடிப்பு குறையும்.

சக்தி மிச்சம் இருந்தால் சாயங்காலம் சிங்கவரம், செஞ்சியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். குன்றைக் குடைந்து பள்ளிகொண்ட ரங்கநாதரை அப்படியே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள், படி ஏற வேண்டும் ஆனால் கொஞ்சம்தான், பாட்டியும் வந்துவிடலாம். இல்லை, புதுச்சேரி போய் இரவு தங்குவதாக இருந்தால் கீழ்க்கோட்டையிலிருந்து கிளம்பும் முன் வெங்கடரமணர் கோவிலை மட்டும் எட்டிப் பார்த்துவிடுங்கள், வாசலில் பாற்கடல் கடையும் சிற்பத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அந்தக் கோவிலின் உயரமான ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அந்தத் தூண்கள்தான் என்று சொல்கிறார்கள். நாங்கள் ராத்திரி எட்டு மணிக்கு அங்கே போய் நின்றோம், கால் வலிக்கிறது என்று வண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்த சின்னவள் இறங்கி ஓடி ஒரு தூணில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது அங்க இருந்த கல்லு மாதிரியே சில்லுனு இருக்கு" என்றாள்.